ஏழுக்குப் பிறகு பன்னிரண்டு

எங்கள் வீட்டில் ஜன்னல் சாத்துவது என் வேலை. முப்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கைவேலைக்கு நடுவே அக்கா தன்னை மறந்து ஒரு பாட்டை இழுத்தால் போதும், நான் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து ஓடுவேன். முதலில் தெருப் பக்கத்து ஜன்னல், பிறகு சமையலறை ஜன்னல், கடைசியாகக் குளியலறையின் கண்ணாடிப் பட்டைகள். எல்லாவற்றையும் சாத்திவிட்டு, "அக்கா, காகிதம்" என்பேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுவாள்.

காகிதம் என்றால் ஒப்பந்தம். அதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கிறாள். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குமே, அதை அழுத்தினால் பேசுவது அவள்தான். "பயப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. கதவை மட்டும் தள்ளாதீங்க." கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று அவளையே திட்டுகிறவர்கள், எல்லோரும் இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுவார்கள். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் 'பிரேக்'. எனக்கு மூக்கின் மேல் கோபம். அவளுக்கு அது உடம்பில் எங்கே இருக்கிறது என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

முப்பத்தைந்து வயது தாண்டிய யாரைப் பிடித்துக் கேட்டாலும் அவள் பாட்டில் இரண்டு வரியாவது பாடிக் காட்டுவார்கள். அவள் பாடியது என்று மட்டும் தெரியாது.

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு டிவி கம்பெனி குழந்தைகளுக்காக ஒரு தொடர் ஆரம்பித்தது. பெயர் 'ஆறாம் மாடி'. லிஃப்ட் ஓடாத ஒரு கட்டிடத்தின் உச்சியில் குடியிருக்கும் நாலு பிள்ளைகள் சேர்ந்து பாட்டுக் குழு நடத்துகிறார்கள். வாரம் ஒரு சிக்கல், வாரம் ஒரு பாட்டு, அவ்வளவுதான் கதை. பெரியவன், ஓட்டைப்பல், ரெட்டைச்சடை, குட்டி என்று நாலு பேரையும் முகம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. மைக் முன்னால் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, நாலும் நாலு திசையில் பாடுகின்றன. குட்டிக்குச் சுருதி என்பது தின்பண்டமா விளையாட்டுச் சாமானா என்றே தெரியவில்லை. அதற்குள் செட்டு போட்டாகிவிட்டது, விளம்பரமும் ஓட ஆரம்பித்துவிட்டது. அவசரத்துக்கு, கோரஸ் பாட வந்திருந்தவர்களில் ஒருத்தியைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அவள்தான் என் அக்கா.

நாலு பேருக்கும் அவள் ஒருத்தியே பாடினாள். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்வார்கள். பெரியவனுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து முகவாயை நெஞ்சில் பதித்துக்கொள்வாள். அதைக் காதில் கேட்டுக்கொண்டே ஓட்டைப்பல்லுக்குப் பாடுவாள், கன்னத்தில் ஒரு பஞ்சு உருண்டையை அடக்கிக்கொண்டு. ரெட்டைச்சடைக்கு நின்றபடி, சிரித்த வாயோடு. குட்டிக்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று கழுத்தை நீட்டிப் பாட வேண்டும். கடைசியில் நாலையும் சேர்த்து ஓட்டினால், நாலு பிள்ளைகள் இடித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் பாடுவது போலவே இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் அக்கா மட்டும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை காலைகளில் ஒலிப்பதிவு. துணைக்கு நான் போவேன். எனக்கு அப்போது இருபது வயது, ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது என்றாலும், வீட்டில் சட்டம் தெரிந்தவள் நான்தான். "மேற்படி துண்டைக் கொண்டா" என்றுதான் குளியலறையிலிருந்தே கூப்பிடுவேன். அவ்வளவு திமிர்.

மூன்றாவது சனிக்கிழமை ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். மூன்று தாள். அக்கா அதைத் தொடக்கூட இல்லை, "நீ படிச்சு சொல்லுடி" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். நான் வராந்தாவில் நின்று, எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, படித்த தாளை அடியில் சொருகிச் சொருகிப் படித்தேன். இரண்டாவது தாளின் கடைசியில் இருந்தது ஏழாவது விதி. தொடருக்காகப் பாடும் குரலில் பாடகி வேறு எங்கேயும் பிறர் காதில் விழும்படி பாடக் கூடாது, தொடரில் பாடுவது தான்தான் என்று எவரிடமும் சொல்லக் கூடாது. மூன்றாவது தாள் பன்னிரண்டாவது விதியில் ஆரம்பித்தது. மேற்கண்டவற்றை மீறினால் கோர்ட்டு.

"பாரேன், ஏழுக்கு அப்புறம் பன்னெண்டு போட்டிருக்கா இவங்க டைப்பிஸ்ட்டு" என்றேன். "எண்ணக்கூடத் தெரியல. எங்க ஆபீஸா இருந்தா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருப்பாங்க." நான் சிரித்தேன். நான் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

"எத்தனை நாளைக்குப் பாடக் கூடாதாம்?"

"போடல. போடலைன்னா ஆயுசுக்கும்னு அர்த்தம்."

"வீட்டுல?"

"பிறர் காதுன்னா பிறர் காதுதான். பக்கத்து வீட்டுல இருக்கிறவங்களுக்குக் காது இல்லையா?"

அவள் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். எங்கள் பிரதியை நான் ஓர் உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்தேன். ஏழாவது விதிதான் மனப்பாடம் ஆகிவிட்டதே, மறுபடி எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது.

தொடர் மூன்று வருஷம் ஓடியது. நூற்று நாற்பது பாட்டு. கேசட்டுகள் கடைகடையாகத் தொங்கின, அட்டையில் நாலு முகங்கள். கடைத்தெருவில் நடக்கும்போது இரண்டு கடையிலிருந்து அவள் குரலே இரண்டு பாட்டாக வந்து மோதும். அவள் என் கையை அழுத்துவாள். நான் "பேசாம வா" என்பேன். பிறகு பெரியவனுக்கு மீசை முளைத்தது, தொடரை நிறுத்திவிட்டார்கள். காகிதம் மட்டும் நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது, கணவர் 'பிறர்' ஆவாரா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லலாம், ஆனால் பாடிக் காட்டக் கூடாது என்று தீர்ப்பு வழங்கினேன். மாமா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், நாள் முழுக்க இரைச்சல். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், "ஒரே ஒரு வரி. காதுக்குள்ள சொல்ற மாதிரி பாடேன்" என்று அவளைக் கேட்பார். நான் சமையலறையிலிருந்து தலையை நீட்டுவேன். "வக்கீலம்மா வந்துட்டாங்க" என்று சிரித்தபடி எழுந்து போய்விடுவார். இப்படியே இருபத்து நாலு வருஷம் கேட்டார். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வரிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மகள் பிறந்தாள். மதியத்தில் தூங்க மாட்டாள், வீட்டையே தலைகீழாகப் புரட்டுவாள். தோளில் போட்டுக்கொண்டு பாடலாம் என்றால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும். அதனால் அக்கா டேப் ரெக்கார்டரில் 'ஆறாம் மாடி' கேசட்டைப் போட்டுவிடுவாள். குழந்தைக்குப் பிடித்தது ஒரே பாட்டுதான்.

ஒத்தக் குடையில நாலு பேரு,
ஓரத்துல நனையிறது யாரு யாரு?

நாலும் சேர்ந்து இப்படிக் கேட்டுக்கொண்டே போகும். பாட்டின் முடிவில் குட்டி மட்டும் தனியாகப் பதில் சொல்லுவாள்.

நான்தான் நனையிறேன், நகர வேணாம்,
நாளைக்கு உங்க முறை, மறக்க வேணாம்.

அந்த இடம் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். நாலு வயதில் ஒரு மதியம், தூக்கக் கலக்கத்தோடு, "யாரும்மா பாடறது?" என்று கேட்டாள்.

"குட்டி" என்றாள் அக்கா.

"குட்டி எங்க இருக்கா?"

"ஆறாம் மாடில."

நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா எவ்வளவு ஜாக்கிரதையாகப் பதில் சொன்னாள் என்று மெச்சிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஒரு நாள் ஏதோ ஒரு கட்டிடத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை தனியாக லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டது. மெக்கானிக் போய்ச் சேர முக்கால் மணி நேரம். "ஆன்ட்டி, எனக்குப் பயமா இருக்கு, ஒரு பாட்டுப் பாடுங்க" என்று அழுதிருக்கிறது. ஆபீஸ் அறையில் இன்னும் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தும் பிறர் காது. அக்கா 'ஒத்தக் குடை' பாட்டைச் செய்தித்தாள் வாசிப்பது போல வாசித்துக் காட்டினாளாம். குழந்தை அழுகையை விட்டுவிட்டு, "உங்களுக்குப் பாடவே வரல" என்று சிரித்துவிட்டு, எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் அதையே தானே பாட ஆரம்பித்ததாம். சாயங்காலம் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய் முகம் கழுவினாள். "நல்லவேளை, பாடித் தொலைக்காம இருந்தியே" என்றேன் நான்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, டிவி கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். வழுக்கைத் தலை, சவுண்டு இன்ஜினியர். பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து முகவரியைத் தேடி எடுத்திருக்கிறார். 'ஆறாம் மாடி' பாட்டுகளை எல்லாம் சுத்தம் செய்து புதிதாக வெளியிடுகிறார்களாம். டேப்புகள் நன்றாக இருக்கின்றன, 'ஒத்தக் குடை' டேப்பில் மட்டும் ஓர் இடத்தில் பூஞ்சை பிடித்து, குட்டியின் கடைசி இரண்டு வரி போய்விட்டது. கடை கேசட்டிலிருந்து எடுத்தால் இரைச்சல்தான் வருகிறதாம்.

"அந்த ரெண்டு வரிய மட்டும் நீங்க வந்து பாடிக் கொடுத்தாப் போதும். செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணி. அட்டையில இந்த முறை உங்க பேரு வரும்."

"குட்டி குரல்லயே வரணும், இல்ல?" என்றாள் அக்கா.

"அதே குரல்தான் வேணும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குவதற்குள் அக்கா வீட்டை இரண்டு முறை சுற்றிவந்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். செருப்பு அலமாரியை மூன்று தரம் கலைத்து அடுக்கினாள். வெள்ளிக்கிழமை, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஓர் ஆளிடம், "ஒரு நிமிஷம் இருங்க சார், நானே யோசனையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டாளாம். பிரேக்குக்கே பிரேக் பிடிக்கவில்லை என்று மெக்கானிக்குகள் கேலி செய்திருக்கிறார்கள். அவளுக்கு இருந்தது ஒரே கவலை, அந்தக் குரல் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதுதான்.

"வீட்டுல பாடிப் பார்க்கலாமாடி?" என்று அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள். "கம்பெனியே கூப்பிட்டிருக்கே. காகிதத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவ பார்த்துச் சொல்லேன்."

ஐம்பத்து நாலு வயதுப் பெண், சொந்த வீட்டில் பாட என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறாள். அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போன பிறகு உறையைப் பிரித்தேன். மூன்று தாளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, கண்ணாடியை எடுக்கத் திரும்பினேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நடுத் தாள் எழும்பிப் புரண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தால், பின்பக்கம் முழுக்க எழுத்து.

எங்கள் வக்கீல் ஆபீசில் தாளின் ஒரு பக்கம் மட்டும்தான் டைப் அடிப்போம். பின்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும், அது அவருடைய கண்டிப்பு. முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பின்பக்கத்தில் எழுத்து இருக்கும் என்பது என் புத்தியிலேயே கிடையாது. டிவி கம்பெனி டைப்பிஸ்ட்டுக்கு அன்று தாள் போதவில்லையோ என்னவோ, அந்த ஒரு தாளை மட்டும் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. அவளுக்கு எண்ணத் தெரிந்திருந்தது.

எட்டு: ஏழாவது விதி பாடகியின் சொந்த வீட்டுக்கும் குடும்பத்தாருக்கும் பொருந்தாது. ஒன்பது: தொடரின் கடைசி ஒளிபரப்போடு ஏழாவது விதி முடிவுக்கு வரும். பத்து: அதன் பிறகு பாடகி எங்கே வேண்டுமானாலும் பாடலாம், தொடரில் பாடியது தான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினொன்று: ஒலிப்பதிவு அறைக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கைகால் கழுவிவிட்டு வந்து நிற்பது தெரிந்தது. குழந்தை டேப் ரெக்கார்டர் பக்கத்தில் சுருண்டு படுத்திருப்பது தெரிந்தது. அக்காவின் வாயைப் பூட்டியது கம்பெனி இல்லை, நான். பத்து மாதச் சர்வீஸில் சட்டம் பேசிய நான்.

அவள் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொன்னால் செவ்வாய்க்கிழமை தொண்டை அடைத்துக்கொள்ளும், பாடி முடிக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

"வீட்டுல பாடலாமாம். போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"ஜன்னல்?"

"சாத்திக்கலாம்" என்றேன். அந்த நேரத்திலும் வாயில் அதுதான் வந்தது.

சனி, ஞாயிறு, திங்கள். அக்கா குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பாடிப் பார்த்தாள். முதல் நாள் காற்றுதான் வந்தது. இரண்டாவது நாள் ஏதோ ஒன்று வந்தது, மேலே ஏறும் இடத்தில் பிளந்துகொண்டது. குழாயை நிறுத்துவாள், மறுபடி திறப்பாள். எனக்கு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. தெருக்கோடி வரை நடப்பேன், திரும்புவேன், வாசலில் குழாய்ச் சத்தம் கேட்டதும் மறுபடி கோடிக்கு நடப்பேன். "நாய்க்குப் பதிலா நீங்களே வாக்கிங் போறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். இரண்டாவது தாளை மடித்து என் கைப்பையில் வைத்திருந்தேன். ஸ்டூடியோ இப்போது ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டிடம். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு வயது அக்கா நாலு குரலில் "யாரு யாரு" என்று கேட்டாள். ஐம்பத்து நாலு வயது அக்கா நுனிக்காலில் எழும்பிப் பதில் சொல்லப் போனாள். 'நான்தான்' வரை வந்தது. 'நனையிறேன்' என்ற இடத்தில் உடைந்துபோனது.

பதினோரு தடவை பாடினாள். ஐந்தாவது தடவையிலிருந்து முட்டி வலியில் நுனிக்கால் நடுங்க ஆரம்பித்தது. ஒன்பதாவதில் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினியர் நல்ல மனுஷன், முகத்தில் எதையும் காட்டவில்லை.

"போதும் மேடம், கவலைப்படாதீங்க. மத்த பாட்டுங்கள்ல இருந்து குட்டி குரல எடுத்துக் கொடுத்தா கம்ப்யூட்டரே பாடிடும். உங்க பேரு எப்படியும் வரும்."

அக்கா வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கையிலேயே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"முப்பது வருஷம் பூட்டியே கிடந்த பூட்டு. இன்னிக்கு வந்து திறன்னா திறக்குமா?" என்றாள். "நீ ஏண்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? விடு. அவங்க காகிதம் போட்டாங்க, நாம கையெழுத்துப் போட்டோம். யாரைச் சொல்லி என்ன?"

எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என்னைச் சொல்லு" என்று தாளை எடுத்துப் பின்பக்கமாக அவள் மடியில் வைத்தேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். எட்டிலிருந்து பதினொன்று வரை படித்தாள். தாளைத் திருப்பி ஏழாவது விதியைப் பார்த்தாள். மறுபடி பின்பக்கம். உதடு மட்டும் அசைந்தது.

"ஏழுக்கு அப்புறம் பன்னெண்டுன்னு சிரிச்சியே."

"ஆமாக்கா."

"நானும் சிரிச்சேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "எப்ப பார்த்த இதை?"

"சனிக்கிழமை."

"இன்னிக்குச் செவ்வாய்."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியில் நாற்காலிகளைக் கொண்டுபோனார்கள். அது கடந்துபோகும் வரை அவள் காத்திருந்தாள்.

"அவர் கேட்டுக்கிட்டே இருந்தாருடி" என்றாள். "இருபத்து நாலு வருஷம். காதுக்குள்ளன்னுதான் கேட்டாரு."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளத் தெரிந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து இன்ஜினியரின் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"கம்ப்யூட்டரப் பாட வெக்காதீங்க. அந்த எடத்துல குட்டி குரலே வேண்டாம்."

"மேடம், கேள்வி கேட்டுட்டு பதிலே இல்லாம முடிஞ்சிடுமே?"

"முடியட்டும். அங்க பதில் சொன்னவ இப்ப அங்க இல்ல."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கியதும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். நான் கூப்பிடவும் இல்லை, வேகமாக நடக்கவும் இல்லை. வீட்டுக்குள் போனதும் தெருப் பக்கத்து ஜன்னலை இரண்டு கதவும் சுவரில் இடிக்கும்படி திறந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை ஜன்னல் விளிம்பில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மகள் வேறு ஊரில் ஒரு விதை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறாள். மதிய இடைவேளை நேரம்தான், எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

அக்கா நுனிக்காலில் நிற்கவில்லை, முகவாயைப் பதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்தபடி பாட ஆரம்பித்தாள். ஒத்தக் குடையில நாலு பேரு. கனமான, அடியில் கரகரக்கிற குரல். அது பெரியவன் இல்லை, ஓட்டைப்பல் இல்லை, ரெட்டைச்சடை இல்லை, குட்டியும் இல்லை. நான் இதற்கு முன் கேட்டதே இல்லாத குரல். இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று ஒரு குரல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

ஓரத்துல நனையிறது யாரு யாரு என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அம்மா?" என்றாள் மகள். "யாரும்மா பாடறது?"

அக்கா என்னைப் பார்த்தாள். வராந்தாவில் பார்க்காத கோபம் இப்போதுதான் அந்த முகத்தில் இருந்தது.

"நான்தான்" என்றாள்.

"நீயா? நீ பாடுவியா?"

"உன்னைத் தூங்க வெச்சதும் நான்தான். டேப்புல இருந்தேன்." அவள் குரல் இப்போதுதான் இடறியது. "வீட்டுல பாடலாம்னு தெரியாமப் போச்சுடி."

மகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "மறுபடி முதல்ல இருந்து பாடு. நான் போன வைக்க மாட்டேன்" என்றாள்.

அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்த முறை இன்னும் பலமாக. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையில் கிளிப்போடு திரும்பிப் பார்த்தாள். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். பிறர் காது என்று என் மண்டைக்குள் மணி அடித்தது. எனக்கே தெரியாமல் என் கை ஜன்னல் கதவுக்குப் போய்விட்டது.

அக்கா பாட்டை நிறுத்தாமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள். நான்தான் நனையிறேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது, அதை உடைந்தபடியே பாடினாள். பாட்டு முடியும் வரை என் கையை விடவில்லை.